இடப்பக்கம்

முப்பத்தாறு வயதிலும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பாதான். கண் ஆஸ்பத்திரியின் பரிசோதனைப் பிரிவில் அவளுக்குக் கீழே நான்கு பேர் வேலை பார்த்தார்கள். அங்கே அவள் மேடம். சாயங்காலம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்ததும், "பாப்பா வந்துட்டா, டீ போடு" என்று அப்பா சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பார். அந்த நிமிடத்திலிருந்து அவள் மறுபடி பாப்பா.

ஆறு வருடத்துக்கு முன்னால் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். வெளியூரில் தனியாக அறை எடுத்துத் தங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்த பாப்பா, பதினைந்து நாள் லீவில் வந்தாள். எலும்பு இரண்டு மாதத்தில் கூடிவிட்டது. பாப்பா திரும்பிப் போகவில்லை. போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. ஒரே பிள்ளை. இந்த ஊரிலேயே வேலையும் கிடைத்தது. கல்யாணப் பேச்சு முதல் இரண்டு வருடம் வீட்டுக்குள் உலாத்திக்கொண்டிருந்தது, அப்புறம் கிழட்டுப் பூனை மாதிரி ஒரு மூலையில் சுருண்டு படுத்துவிட்டது. நான் இவர்களைப் பார்த்துக்கொள்கிறேனா, இவர்கள் என்னைப் பார்த்துக்கொள்கிறார்களா என்று அவளுக்கே சில நாள் சந்தேகம் வரும். யாரும் கேட்காததால் பதில் தேட வேண்டியிருக்கவில்லை.

அப்பா முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு விபத்து கிடையாது. ஓய்வு பெற்றதும் ஒரு டயாலிசிஸ் சென்டரில் வேன் ஓட்டப் போனார். சிறுநீரகம் பழுதான ஆறு நோயாளிகள். திங்கள், புதன், வெள்ளி காலையில் வீடு வீடாகப் போய் ஏற்றிக்கொண்டு ஏழு மணிக்குள் சென்டரில் விடவேண்டும். பகல் பன்னிரண்டுக்கு மேல் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். சிகிச்சை முடிந்தவர்களுக்குத் தலை சுற்றும், கால் துவளும். அப்பா ஒவ்வொருவரையும் கைத்தாங்கலாக வீட்டுப் படி ஏற்றிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். டிரைவர் செய்யவேண்டிய வேலை அல்ல அது. யாரும் சொல்லாமல் அவராக எடுத்துக்கொண்டது.

அந்த மாதத்தில் மூன்றாவது கண்ணாடி டம்ளர் உடைந்தபோதுதான் பாப்பாவுக்கு முதலில் உறுத்தியது. மேஜை ஓரத்தில், அப்பாவின் இடது கைக்கு அருகில் அது இருந்தது. அவர் கையை நீட்டியபோது முழங்கை இடித்துக் கீழே விழுந்தது. வயசாச்சில்ல, கை நடுங்குது என்றாள் அம்மா, துடைப்பத்தோடு வந்து. நடுங்கவில்லை. பாப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஜன்னலோர நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இடப்புறமாக ஒரு கை தூரத்தில் போய் நின்றாள். அவர் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் தினமும் செய்வதுபோலக் கையை அவர் காதுக்கு நேரே உயர்த்தி விரல்களை அசைத்தாள். அசைத்துக்கொண்டே மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். காது தாண்டியது, கன்னம் தாண்டியது. மூக்குக்கு மிக அருகில் வந்த பிறகுதான் அப்பா துணுக்குற்று நிமிர்ந்தார்.

கொசுவா என்று கேட்டார். ஆமாம் என்றாள். உள்ளே போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாளி விளிம்பில் உட்கார்ந்தாள். 

கண் அழுத்த நோய். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பேரை அவள் பரிசோதிக்கிறாள். வலி இருக்காது, சிவப்பு இருக்காது. கண்ணுக்குள் அழுத்தம் கூடிக்கூடி உள்ளே இருக்கும் நரம்பைத் தின்னும். முதலில் ஓரங்கள் போகும். நடுப் பார்வை கடைசிவரை பளிச்சென்று இருக்கும். அதனால் எழுத்து அட்டையில் கடைசி வரியைக்கூடத் தடங்கலில்லாமல் படித்துவிடுவார்கள். எனக்கென்ன குறை என்பார்கள். போனது திரும்பாது. மிச்சம் இருப்பதைத்தான் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம்.

அன்று மத்தியானமே, சும்மா ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து கண்ணைக் காட்டிவிட்டுப் போங்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பார்த்தாள். அப்பா சிரித்தார். அலமாரியிலிருந்து அம்மாவின் மாத்திரை அட்டையை எடுத்துக் கை நீட்டிப் பிடித்து, பின்பக்கம் இருந்த எறும்பு எழுத்தை முழுக்கப் படித்துக் காட்டினார். ரெண்டு வருஷம் முன்னால லைசென்ஸ் புதுப்பிக்கும்போது அந்த டாக்டரே அசந்துபோனார் என்றார்.

"ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் கண்ணாடி மாட்டிட்டே, அப்பன் ஒருத்தன்தான் பாக்கியா? விட்டுடு பாப்பா. நான் ஒருத்தன் கண்ணாடி போடலைன்னா உங்க கடை படுத்துடாது."

அம்மாவிடம் சொன்னால் பதறுவாள் என்று நினைத்துத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அம்மா பதறவில்லை. காய் நறுக்கிக்கொண்டிருந்த கை மட்டும் நின்றது. அப்போதுதான் பாப்பாவுக்கு வரிசையாக ஒவ்வொன்றும் விளங்கியது. ஹாலில் இடப்புறம் இருந்த முக்காலியை அம்மா எப்போதோ மாடிக்கு ஏற்றிவிட்டாள். தெருவில் போகும்போது எப்போதும் அப்பாவின் இடப்பக்கமாகவே ஒட்டிக்கொண்டு நடக்கிறாள். கதவுகளைப் பாதி திறந்து வைக்காதே என்று பாப்பாவை ஒரு வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

"எத்தனை நாளா தெரியும்மா?"

"போன வருஷமே தெரியும். சொன்னா என்ன ஆகும்? வண்டியைப் பிடுங்கிடுவாங்க. வண்டி இல்லைன்னா அவரு அவரா இருக்க மாட்டாரு. உனக்கு அது தெரியாது, ரிட்டயர் ஆன அந்த மூணு மாசம் நீ இங்க இல்ல. இன்னும் நாலு மாசத்துல அறுபத்தஞ்சு முடியுது, வயசாச்சுன்னு அவங்களே நிறுத்திடுவாங்க. அதுவரைக்கும் வாயைத் திறக்காத. என் தலைமேல சத்தியம்."

நாலு மாதம் என்றால் வாரம் மூன்று நாள் கணக்கில் ஐம்பத்திரண்டு நாள், நாளுக்கு இரண்டு நடை. பாப்பா பதில் சொல்லவில்லை. சொல்லாததையே அம்மா சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் திங்கள், புதன், வெள்ளி என்றாலே மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. காலை ஐந்தரைக்கு அப்பா கிளம்பும் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். ஏழு மணிக்கு, சாவியை எங்கே வைத்தீர்கள், கேஸ் புத்தகம் எங்கே என்று ஏதாவது ஒரு சாக்கு வைத்துப் போன் செய்வாள். அவர் குரலைக் கேட்டால் போதும். எடுக்காவிட்டால் சென்டரின் வரவேற்பு மேஜைக்குப் போன் செய்து, அப்பா டிபன் டப்பாவை மறந்துவிட்டாரா என்று கேட்பாள். அங்கே இருந்த பெண், நீங்க ரொம்பப் பாசம் மேடம் என்றாள். ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கையில் எடுத்த லென்ஸ் எந்த எண் என்று மறந்துபோகும். ஒரு முறை ஒரு அம்மாளிடம், "இடப்பக்கம் தெரியுதா, இடப்பக்கம் தெரியுதா" என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள். அந்த அம்மாள் பயந்துபோய், எனக்கு ஏதாவது ஆயிடுச்சா என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை, ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை, ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுங்கள் என்று பொய் சொல்லி வேனில் ஏறிக்கொண்டாள். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். முன்சீட்டில், அப்பாவுக்கு இடப்புறம், ஒரு டெய்லரம்மா. ஐம்பது வயதிருக்கும், வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுப் பிழைப்பவர். ஏறியதிலிருந்து வாய் ஓயவில்லை.

"பேப்பர்காரன் இன்னைக்கும் லேட்டு, சைக்கிளைப் போட்டு மிதிச்சுக்கிட்டு வர்றான் பாருங்க டிரைவரண்ணே. அந்தம்மா நாயைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க, நாய்தான் அவங்களைக் கூட்டிக்கிட்டுப் போகுது. இந்த ஆட்டோக்காரனுக்கு என்ன அவசரமோ, நம்மளை ஒட்டியே வர்றான்."

ஆமா ஆமா என்றபடி அப்பா ஒவ்வொரு தடவையும் வேகத்தைக் குறைத்தார், வலப்பக்கமாக ஒதுங்கினார். முதலில் பாப்பாவுக்கு எரிச்சலாக இருந்தது. ஆட்டோவைப் பற்றிச் சொன்னபோதுதான் விளங்கியது. டெய்லரம்மா அரட்டை அடிக்கவில்லை. அப்பாவின் இடது கண்ணாக உட்கார்ந்திருந்தார்.

சென்டர் வாசலில் எல்லோரும் இறங்கிய பிறகு அவர் பாப்பாவின் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார்.

"உங்கப்பாவுக்கு இந்தப் பக்கம் தெரியலைம்மா. உனக்குத் தெரியுமோ தெரியாதோ. ஒரு வருஷமா நான் பேசிக்கிட்டே வர்றேன், தாடை வலிக்குது. வேற ஆளு வந்தா எங்களைப் படியேத்தி விடுவானா சொல்லு. அதான் யார்கிட்டயும் மூச்சு விடல. ஆனா நாளன்னிக்கு வெள்ளிக்கிழமை நான் வரலை. கைல ஊசி போடற நரம்பு அடைச்சுக்கிச்சு, ஆபரேஷனாம், ரெண்டு வாரம் பெட்ல இருக்கணும். அந்த சீட்டு காலியா இருக்கும்."

வெள்ளிக்கிழமை பாப்பா லீவு போட்டாள். ஸ்கூட்டர் இன்னும் சரியாகவில்லை, சென்டர் பக்கத்தில் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். அப்பாவுக்கு அன்று ஏக சந்தோஷம். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பஸ் ஓட்டிய காலத்துக் கதைகளைச் சொன்னார். பாப்பா காதில் ஒன்றும் ஏறவில்லை. டெய்லரம்மா மாதிரி பேச முயன்றாள். சைக்கிள் வருதுப்பா. ஒரு ஆள் குறுக்கே வர்றாருப்பா. அந்தம்மாவுக்கு வாய்த்த லாவகம் அவளுக்கு வாய்க்கவில்லை. ஒவ்வொன்றும் கூச்சலாக வந்தது. நான் என்ன நேத்தா ஸ்டியரிங் பிடிச்சேன் என்று அப்பா சிரித்தார். காலை நடை ஒருவழியாக முடிந்தது.

திரும்பும் நடையில் நான்கு பேரை இறக்கியாகிவிட்டது. பின்னால் இருந்த பெரியவர் தண்ணீர் கேட்டார். பாப்பா திரும்பி பாட்டிலை நீட்டினாள். அவர் கை எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள். அவ்வளவுதான், ஐந்து விநாடி இருக்கும். வண்டி இடப்புறத் தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. தகரம் நசுங்குவதுபோல ஒரு சத்தம். அப்பா பிரேக்கை மிதித்தார். பாட்டில் டேஷ்போர்டில் மோதி உருண்டது.

சைக்கிளில் வந்த ஆள் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். பெயின்டராக இருக்கவேண்டும், சட்டையெல்லாம் வெள்ளைத் திட்டு. முழங்கை தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. சைக்கிளின் முன்சக்கரம் வளைந்து வேனுக்கு அடியில் கிடந்தது. இன்னும் ஒரு அடி போயிருந்தால் சக்கரத்தோடு அவர் காலும் உள்ளே போயிருக்கும். பாப்பா இறங்கி ஓடி, துப்பட்டாவால் முழங்கையைக் கட்டினாள்.  பெயின்டர் அவளையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். ரொம்ப நேரமா பக்கத்துலதான் சார் வந்துட்டிருந்தேன், பெல்லுகூட அடிச்சேன் என்று மட்டும் சொன்னார்.

அப்பா குனிந்து சைக்கிளைப் பார்த்தார். நிமிர்ந்து அந்தத் தெருவைப் பார்த்தார். "வானத்துலேருந்தா குதிச்சான்?" என்றார் பாப்பாவிடம். சமாளிக்க அவர் அப்படிச் சொல்லவில்லை. நிஜமாகவே அந்த ஆள் எங்கிருந்து வந்தார் என்று அவருக்குத் தெரியவில்லை. 

சாயங்காலம் அம்மாவையும் கூட வைத்துக்கொண்டு சொன்னாள். நோயின் பெயரைச் சொன்னாள், கொசு என்று சொன்னது பொய் என்றாள், டெய்லரம்மா சொன்னதைச் சொன்னாள். திங்கட்கிழமை வண்டி எடுக்கவேண்டாம், முதலில் கண்ணைக் காட்டுவோம், கையெடுத்துக் கும்பிடுகிறேன் என்றாள். அப்பா முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டில் எல்லோரும் சேர்ந்து தன்னைக் குருடனாக்கி வேடிக்கை பார்த்திருக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டிருக்கவேண்டும்.

"முப்பத்தாறு வயசுல அப்பன் வீட்டுல உக்காந்து சாப்பிடறவ எனக்கு வழி காட்டுறியா?"

குரல் உயரவில்லை. எழுந்து அறைக்குள் போய்விட்டார். போகும்போது இடது தோள் கதவு நிலையில் இடித்தது. தடவிக்கொள்ளவில்லை.

வீட்டுச் செலவில் தன் பங்கு என்ன, ஆஸ்பத்திரியில் தன் நிலை என்ன என்று எதையாவது திருப்பிச் சொல்லியிருக்கலாம்.  இத்தனை வருடம் யாரும் கேட்காத கேள்விக்கு அப்பாவே ஒரு பதிலை மனசுக்குள் வைத்திருந்தாரோ என்று தோன்றியது. அம்மா அவளிடம், "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றாள். 

சனிக்கிழமை சென்டருக்குப் போனாள். வாசலில் இரண்டு முறை ஸ்கூட்டரைத் திருப்பிவிட்டு மூன்றாம் முறை உள்ளே நுழைந்தாள். தலைமை நர்ஸ் பொறுமையாகக் கேட்டார். வாய்வார்த்தையாக எடுத்துக்கொள்ள முடியாது, எழுதிக் கொடுங்கள் என்றார். பாப்பா எழுதினாள். தினமும் ரிப்போர்ட் எழுதிப் பழகிய கை, முதல் வரி ஒழுங்காக வந்தது. கடைசியில், எழுதுபவருக்கும் டிரைவருக்கும் என்ன உறவு என்று குறிப்பிடுங்கள் என்றார் நர்ஸ். மகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் நேரம் பிடித்தது.

திங்கட்கிழமை அப்பா வழக்கம்போல ஐந்தரைக்குக் கிளம்பினார். ஏழேகாலுக்கு நடந்தே திரும்பி வந்தார். நோயாளிகளை ஏற்றும் முன்பே சாவியை வாங்கிக்கொண்டு, கண் டாக்டர் சான்றிதழ் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். கடிதத்தைக் காட்டினார்களா என்று அவளுக்குத் தெரியாது. காட்டத் தேவையில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் அப்பா அவளோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே மேஜை, ஒரே குளியலறை. அவள் ஹாலுக்கு வந்தால் அவர் பால்கனிக்குப் போவார். டிவியில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார். ஷேவ் செய்துகொள்வதை விட்டார். திங்கட்கிழமைகளில் மட்டும் ஐந்தரைக்குச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அம்மா தட்டை வைப்பாள், எடுப்பாள். "சாப்பிட்டியா" என்பதற்கு மேல் பாப்பாவிடம் ஒரு சொல் கிடையாது. இத்தனை நாள் விபத்து நடக்குமோ என்று பயந்தவளுக்கு இப்போது வேறு பயம் பிடித்தது. ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது அப்பா எழுந்திருக்கவே இல்லை என்று கேள்விப்படப் போகிறோம் என்று, தெருமுனை திரும்பும்போதெல்லாம் வாசலில் கூட்டம் இருக்கிறதா என்று பார்ப்பாள்.

ஆஸ்பத்திரிக்கு அருகில் ஒரு மாடி அறை வாடகைக்கு இருந்தது. போய்ப் பார்த்தாள். ஒரு ஜன்னல், ஒரு மேஜை, குழாயில் தண்ணீர் வந்தது. வீட்டுக்காரம்மா, தனியாவா என்று கேட்டார். தனியாகத்தான் என்றாள். மாதக் கடைசிக்குள் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள். வந்து அம்மாவிடமும் சொன்னாள்.  பால்கனியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

அந்த வாரம் டெய்லரம்மா வீட்டுக்கு வந்தார், கையில் கட்டோடு. பாப்பா அப்போது வேலையில் இருந்தாள். அம்மா சொல்லித்தான் தெரியும். புது டிரைவர் கேட் முன்னாடி ஹார்ன் அடிக்கிறதோட சரி, படி ஏற்ற மாட்டான் என்று புலம்பினாராம். அப்பா தெம்பாகியிருக்கிறார். உடனே டெய்லரம்மா, அதுக்காக உங்களைத் திரும்பக் கூப்பிட வரலை டிரைவரண்ணே என்றாராம். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு வண்டியில ஏறினது நான். பின்னாடி அஞ்சு பேர் இருந்தாங்க, அவங்ககிட்ட நான் கேக்கவே இல்லையே. உங்க பொண்ணு ஒருத்திதான் அந்த அஞ்சு பேரையும் நெனைச்சா என்றாராம். அப்பா டீ ஆறிப்போகும்வரை டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார் என்றாள் அம்மா.

இரண்டு நாள் கழித்து, பாப்பா அடுத்த டோக்கனைக் கூப்பிட்டபோது கதவைத் திறந்துகொண்டு அப்பா வந்தார். ஷேவ் செய்திருந்தார். வெளியே ஒரு மணி நேரம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்; தான் அவளுடைய அப்பா என்று யாரிடமும் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, முகவாயை எங்கே வைக்கணும் என்று கேட்டார். ஒன்றரை மாதத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

வலது கண்ணை மூடிக் கட்டினாள். வெள்ளைக் கிண்ணம் போன்ற மிஷினுக்குள் அவர் முகம். நடுவில் இருக்கிற புள்ளியையே பாருங்க, சுத்தி எங்க வெளிச்சம் மின்னினாலும் இந்த பட்டனை அமுக்குங்க என்று எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னாள். அவள் பக்கத்துத் திரையில் ஒவ்வொரு வெளிச்சமும் எங்கே மின்னுகிறது என்று தெரியும். முதலில் டக், டக் என்று ஏழெட்டு முறை அமுக்கினார். பிறகு சத்தம் இல்லை. வெளிச்சங்கள் மேலே, கீழே, ஓரத்தில் என்று மின்னிக்கொண்டே இருந்தன. அப்பா பட்டனில் கட்டைவிரலை வைத்தபடி, கிளம்பச் சொல்லி விசில் ஊதுவார்கள் என்று காத்திருப்பவரைப் போலக் காத்திருந்தார்.

"மிஷின் நின்னுடுச்சா பாப்பா?"

"இல்லப்பா. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

அவர் விரல் பட்டனிலிருந்து இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஏறியது. பரிசோதனை முடியும்வரை அவர் முகத்தை எடுக்கவில்லை. பாப்பா திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் பார்த்தார். இடது கண்ணில் முக்கால்வாசிக்கு மேல் போய்விட்டது. வலது கண்ணில் ஓரம் மட்டும் அரித்திருக்கிறது, அதைக் காப்பாற்றலாம் என்றார். இரண்டு வேளை சொட்டு மருந்து, ஒரு நாள்கூட விடக்கூடாது. வண்டி ஓட்டுவது பற்றி அப்பா கேட்கவில்லை. டாக்டரே சொல்ல வாயெடுத்தபோது, தெரியும் சார் என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். இது பிள்ளைங்களுக்கும் வருமா?

வர வாய்ப்பு அதிகம், கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். அப்பா மகள் பக்கம் முழுக் கழுத்தையும் திருப்பினார்.

"நீ பாத்துக்கிட்டியா?"

 பத்து வருடமாக இந்த மிஷின்களோடுதான் இருக்கிறாள். நோயாளிகளின் பிள்ளைகளை வரச்சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுப்பவளே அவள்தான். அப்பாவுக்கு இருக்கிறது என்று தெரிந்த அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தனக்கும் பார்க்கவேண்டும் என்று தெரியும். நாளை நாளை என்று தள்ளியிருக்கிறாள். பயம்தான்.

"எனக்குச் சொல்லத் தெரிஞ்சுதில்ல," என்றார் அப்பா. "போய் உக்காரு."

அன்றே, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் பெண் அவளைப் பரிசோதித்தாள். முகவாயை வைத்த இடத்தில் வியர்த்தது. இருக்கிற வெளிச்சம், இல்லாத வெளிச்சம் எல்லாவற்றுக்கும் பட்டனை அமுக்கினாள். அவசரப்படாதீங்க மேடம் என்று அந்தப் பெண் சொல்லவேண்டி வந்தது. மறுபடி முதலிலிருந்து. கதவு இடுக்கு வழியே வெளிப் பெஞ்சில் அப்பாவின் செருப்புக் கால்கள் தெரிந்தன. இடது கால் ஆடிக்கொண்டே இருந்தது, கிளட்சை மிதிப்பதுபோல.

முடிவு இப்படியும் இல்லை, அப்படியும் இல்லை. பார்வைப் பரப்பு முழுக்க நன்றாக இருக்கிறது. அழுத்தம் மட்டும் எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே. நரம்பு சந்தேகப்படும்படி இருக்கிறது, நோய் என்று சொல்ல முடியாது. மருந்து இப்போது வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்போம் என்றார் டாக்டர்.

வெளியே வந்தபோது அப்பா எழுந்து நின்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. அம்மா ஒரு வருடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், தன்னிடமும் அவரிடமும். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து, காகிதத்தைப் பிரித்து, எண்ணைக் காட்டி, உள்ளதை உள்ளபடி சொன்னாள். அப்பா காகிதத்தை வாங்கி, அந்த எண்ணைத் தானும் ஒரு முறை படித்தார்.

"என்கிட்டேருந்து உனக்குப் போயிருக்கு," என்றார்.

"இன்னும் வரலைப்பா. வந்தாலும் முன்னாடியே பிடிச்சிடலாம்."

"நான் அன்னைக்குச் சொன்னது..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. கர்சீப்பை எடுத்து, மருந்து விட்ட கண்ணைத் துடைத்தார். "அந்த ரூமுக்கு நீ போகணும்னு நெனைச்சா போ பாப்பா. உன் இஷ்டம். ஆனா அந்தப் பேச்சுக்காகப் போகாத."

வீட்டுக்கு வந்ததும், டாக்டர் என்ன சொன்னார் என்று அம்மா இருவர் முகத்தையும் பார்த்தாள். அப்பாவே சொன்னார், தன்னுடையதையும் மகளுடையதையும், ஒன்றையும் குறைக்காமல். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, ரெண்டு பேரும் காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க, அதுதான் எனக்குத் தெரியுமே என்று திட்டிக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள்.

மாதக் கடைசியில் வீட்டுக்காரம்மா போன் செய்தார். பாப்பா பால்கனிக்குப் போய்ப் பேசினாள். இப்போதைக்கு வரவில்லை, வேறு யாராவது கேட்டால் கொடுத்துவிடுங்கள் என்றாள். இப்போதைக்கு என்றால் எப்போதுவரை என்று அவர் கேட்டார். அது தெரியவில்லை என்றாள். உள்ளே அப்பா புது டிரைவருக்குப் போனில், மூன்றாவது வீட்டுப் பெரியவரை எந்தக் கையைப் பிடித்து ஏற்றவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.